சொல்லுக்கும் ஸனது வேண்டும்: 'பேச்சிலர்' என்னும் பட்டப்பெயரின் பிறப்பு குறித்து

அரபுக் கல்லூரிகளின் ஸனது வழங்கும் விழாக்களிலும், இஸ்லாமிய நாகரிகத்தின் கொடைகளைப் பட்டியலிடும் எழுத்துகளிலும் ஒரு செய்தி அவ்வப்போது பெருமிதத்துடன் எடுத்துரைக்கப்படுகிறது. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் வழங்கும் முதற்பட்டத்தின் பெயராகிய 'பேச்சிலர்' என்பதும், அதன் இலத்தீன் வடிவமாகிய 'பக்கலௌரியஸ்' என்பதும், 'பிஹக்கிர் ரிவாயா' என்னும் அரபுத் தொடரிலிருந்து பிறந்தவை என்பதே அச்செய்தி. ஆசிரியரிடம் கேட்டறிந்ததைப் பிறருக்கு அறிவிக்கும் உரிமையின் பேரில் என்பது அத்தொடரின் பொருள். மத்ரஸாவில் பிறந்த சொல் பாரிஸுக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் சென்று, பின்னர் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, பி.ஏ., பி.எஸ்ஸி. என நம் பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறது என்று கேட்கும்போது எந்த முஸ்லிமின் மனமும் மகிழவே செய்யும்.

மகிழ்ச்சி தரும் செய்தி என்பதாலேயே அதனைக் கூடுதல் கவனத்துடன் ஆராய வேண்டியிருக்கிறது. இந்த எச்சரிக்கையை நமக்குக் கற்பித்தவர்கள் ஹதீஸ் கலை அறிஞர்களே. தம் ஊரின் சிறப்பையும், தம் குலத்தின் மேன்மையையும், தம் இமாமின் உயர்வையும் நிலைநாட்டுவதற்காக அறிவிப்புகளைப் புனைந்தோர் இருந்தனர் என்பதை அவ்வறிஞர்கள் மறைக்கவில்லை. அத்தகைய அறிவிப்புகளைப் பெயர் சொல்லி வகைப்படுத்தி, தனி நூல்களாகத் தொகுத்து, பின்வருவோரை எச்சரித்தனர். நமக்குச் சாதகமானது என்ற காரணத்தால் ஒரு செய்தியை ஏற்பதும், நமக்குப் பாதகமானது என்ற காரணத்தால் தள்ளுவதும் அவர்களுடைய வழிமுறை அன்று. அந்த அளவுகோலைக் கையிலெடுத்து 'பேச்சிலர்' என்னும் சொல்லின் வமிசாவளியைச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூற்றின் வரலாறு

முதலில், இக்கூற்று மேடைப் பேச்சில் தோன்றியதன்று என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். தாமஸ் ஆர்னால்டும் ஆல்ஃபிரட் கியோமும் பதிப்பித்து 1931-இல் வெளிவந்த 'இஸ்லாமின் மரபுச் செல்வம்' என்னும் ஆங்கிலத் தொகுப்பிலேயே, முஸ்லிம்களின் கல்வி நிலையங்களுக்கும் இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கும் இடையிலுள்ள ஒப்புமைகள் சுட்டப்பட்டன. 1974-இல் எபைத், யங் என்னும் இரு ஆய்வாளர்கள் 'இஸ்லாமிக் குவார்ட்டர்லி' இதழில், பக்கலௌரியஸ் என்னும் சொல்லுக்கு 'பிஹக்கிர் ரிவாயா' மூலமாக இருக்கலாம் என்று ஒரு சிறு கட்டுரையில் முன்வைத்தனர். 1981-இல் ஜார்ஜ் மக்திஸி வெளியிட்ட 'கல்லூரிகளின் எழுச்சி' என்னும் பெருநூல், மத்ரஸாவின் வக்ஃப் அமைப்பையும், பாட முறையையும், இஜாஸத்தையும் ஐரோப்பியக் கல்லூரிகளோடு விரிவாக ஒப்பிட்டு, இத்துறை குறித்த பேச்சையே மாற்றியமைத்தது.

ஆக, கூற்றின் பின்னணியில் உண்மையான ஆராய்ச்சியாளர்கள் நிற்கின்றனர். ஆனால் அவர்கள் கூறிய முறைக்கும் நாம் கூறும் முறைக்கும் வேறுபாடு உண்டு. 'இருக்கலாம்' என்று அவர்கள் ஐயத்துடன் வைத்த கருத்து, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பெயர்க்கப்படும்போது 'ஆகும்' என்றாகிவிட்டது. ஹதீஸ் மாணவர் எவரும் அறிந்த குறை இது. ஒரு ராவி ஐயத்துடன் அறிவித்ததை அடுத்த ராவி உறுதியுடன் அறிவித்தால், பழி முதலாமவரைச் சாராது.

இக்கருத்துக்கு வலுச் சேர்ப்பவையும் இரண்டு உண்டு. ஒன்று, ஓசை ஒப்புமை. மற்றொன்று, பொருள் ஒப்புமை. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பேச்சிலர் என்பவர் முழுமையான ஆசிரியர் அல்லர். ஓர் ஆசிரியரின் கீழிருந்து, அவருடைய பொறுப்பில் பாடம் நடத்தியவர். தாமஸ் அக்வினாஸ் 1252 முதல் 1256 வரை பாரிஸில் இந்த நிலையிலிருந்தே பீட்டர் லொம்பார்டின் இறையியல் தொகுப்பைப் பாடம் சொன்னார். பிறரிடமிருந்து பெற்ற அதிகாரத்தின் பேரில் கற்பித்தல் என்பது 'பிஹக்கிர் ரிவாயா' என்பதற்கு அண்மையில் வருகிறது என்பதை மறுப்பதற்கில்லை. அக்வினாஸோ இப்னு ஸீனாவையும் இப்னு ருஷ்தையும் இலத்தீன் வழியாகப் பயின்றவர். சூழலும் பொருந்தியே இருக்கிறது. இனி, சொல்லின் வாழ்க்கையைப் பார்ப்போம்.

சொல் நடந்து வந்த பாதை

தமிழ்நாட்டு நகரங்களில் 'பேச்சிலர்களுக்கு வீடு வாடகைக்கு இல்லை' என்று எழுதித் தொங்கவிடப்பட்ட பலகைகளை வாசகர்கள் கண்டிருப்பர். அங்கே அச்சொல் மணமாகாத ஆணைக் குறிக்கிறது. பல்கலைக்கழகச் சான்றிதழில் அதே சொல் மணமானவருக்கும் ஆகாதவருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நிற்கிறது. பிரிட்டிஷ் முடியரசு வழங்கும் 'சர்' பட்டத்தின் ஒரு வகை 'நைட் பேச்சிலர்' எனப்படும். 1929-இல் அறிவியலாளர் சி.வி. ராமன் பெற்றது இவ்வகைப் பட்டமே. அவருக்கு 1907-லேயே திருமணம் ஆகிவிட்டது. ஒரே சொல் எவ்வாறு இந்த மூவிடங்களிலும் வந்தமர்ந்தது?

விடை இடைக்கால ஐரோப்பாவின் நிலவுடைமை முறையில் இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் தோன்றுவதற்கு முன்பே, தெற்குப் பிரான்சின் இலத்தீன் ஆவணங்களில் 'பக்கலாரியா' என்று ஒருவகை நிலப்பகுதி குறிப்பிடப்படுகிறது. அந்நிலத்தைப் பிறருக்குக் கட்டுப்பட்டு உழுது பயன்கொண்டவர் 'பக்கலாரியஸ்'. அதற்கும் அப்பால் இச்சொல்லின் வேர் எது என்பதில் மொழியியலார் ஒன்றுபடவில்லை. பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு தொடர்புபடுத்துவோர் உண்டு. அதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை.

பழைய பிரெஞ்சு மொழியில் இச்சொல் 'பஷ்லெர்' என்னும் வடிவில் இளம் போர்வீரனைக் குறிக்கலாயிற்று. சொந்தக் கொடியின் கீழ் படை திரட்டும் அளவுக்கு வயதோ வசதியோ இல்லாமல், மற்றொரு தலைவனின் கொடியின் கீழ் போரிட்டவன் அவன். சுமார் 1300 அளவில் ஆங்கிலத்தில் நுழைந்தபோதும் அதற்கு இப்பொருளே இருந்தது. வணிகக் கழகங்களில் இளநிலை உறுப்பினரையும் அது குறித்தது. 13-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியருக்குக் கீழ்ப்பட்ட இளநிலைக் கல்வியாளருக்கு இப்பெயர் வழங்கியது. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஆங்கிலக் கவிஞர் சாஸரின் எழுத்தில் இளவீரன், சட்டம் பயில்பவர், மணமாகாதவர் என மூன்று பொருள்களிலும் இச்சொல்லைக் காணலாம்.

இப்பொருள்கள் அனைத்தையும் இணைக்கும் சரடு தெளிவானது. நிலமாயினும், படையாயினும், தொழிலாயினும், கல்வியாயினும், இல்லறமாயினும், இன்னும் தனக்கென ஓர் உடைமையை, ஒரு கொடியை, ஓர் இருக்கையை, ஒரு குடும்பத்தை அடையாதவன் என்பதே அது. நம் மொழியில் முதற்பட்டத்தை 'இளங்கலை' என்று பெயர்த்தவர்கள், அறிந்தோ அறியாமலோ, சொல்லின் இந்த உட்பொருளையே பிடித்துவிட்டனர்.

'பக்கலௌரியஸ்' என்னும் வடிவம் எங்கிருந்து வந்தது என்னும் வினா எஞ்சியிருக்கிறது. அது முந்தைய 'பக்கலாரியஸ்' என்பதன் பிற்காலத் திரிபு. இலத்தீனில் 'பக்கா' என்றால் சிறுகனி. 'லௌரஸ்' என்றால் வாகை சூடுவோருக்கு உரிய மரம். உழவரைக் குறித்த சொல்லை வாகைக்கனி என்று பொருள் தோன்றுமாறு கற்றவர்கள் மாற்றி எழுதினர். குறைந்த குலத்துப் பிறந்த ஒருவருக்குப் பின்னாளில் உயர்ந்த வமிசாவளி எழுதப்பட்டதைப் போன்றது இது. இங்கேதான் நம் ஆய்வின் முடிச்சு அவிழ்கிறது. 'பிஹக்கிர் ரிவாயா' என்பதோடு ஓசையில் நெருங்கி வருவது பிற்கால வடிவமாகிய 'பக்கலௌரியஸ்' மட்டுமே. பழைய வடிவமாகிய 'பக்கலாரியஸ்' நெருங்குவதில்லை. மகன் ஒருவரைப் போலிருக்கிறான் என்பதை வைத்து, அவன் தந்தையின் தந்தை யாரென்று நிறுவ முற்படுவதற்கு ஒப்பானது இது. தந்தையின் முகம் வேறாயிருக்கிறது.

ஓசையின் சாட்சி

ஓசையைப் பற்றியும் அரபு பயின்றவர்கள் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. நூல்களில் இத்தொடரை 'அல்-ரிவாயா' என்று லாம் எழுத்து தோன்றப் பெயர்த்தெழுதுகின்றனர். 'பக்கலௌரியஸ்' என்பதிலுள்ள லகரத்துக்கு இந்த லாமே சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் 'ரா' என்பது ஷம்ஸீ எழுத்துகளில் ஒன்று. அதற்கு முன் வரும் லாம் எழுதப்படும், ஒலிக்கப்படாது. 'அர்ரஹ்மான்' என்று ஓதுகிறோமேயன்றி 'அல்ரஹ்மான்' என்று ஓதுவதில்லை. மத்ரஸாவின் முதலாண்டு மாணவரும் அறிந்த விதி இது.

அன்தலுஸில் அரபு பேசியோரிடமிருந்து ஸ்பானிய மொழிக்குச் சென்ற சொற்கள் இவ்விதியை அப்படியே காத்து நிற்கின்றன. 'அஸ்ஸுக்கர்' என்பது அஸூகார் ஆயிற்று. 'அர்ருஸ்ஸு' என்பது அர்ரோஸ் ஆயிற்று. 'அஸ்ஸைத்' என்பது அஸெய்த்தே ஆயிற்று. மாறாக, கமரீ எழுத்தில் தொடங்கும் 'அல்குத்ன்' அல்கொதோன் என்றும், 'அல்காளீ' அல்கால்தே என்றும் லகரத்தை இழக்காமல் சென்றன. செவிவழிச் சென்ற சொல்லானால் 'ரிவாயா' தன்னோடு லகரத்தைக் கொண்டு சென்றிருக்க வாய்ப்பில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். அதை மறைப்பது நேர்மையாகாது. 'அத்தபரான்' என்னும் விண்மீன் ஐரோப்பாவில் அல்தெபரான் என்றும், 'அத்தாயிர்' என்பது அல்தாயிர் என்றும் வழங்குகின்றன. தாலும் தாவும் ஷம்ஸீ எழுத்துகளாயிருந்தும் லாம் நிலைத்திருக்கிறது. காரணம், இவை கண்வழிச் சென்றவை. வானியல் நூல்களை எழுத்தெழுத்தாகப் பார்த்துப் பெயர்த்தவர்கள் லாமையும் சேர்த்தே எழுதினர். எனவே ஓசையை மட்டும் வைத்து வழக்கை முடித்துவிட இயலாது. ஆனால் கேள்வி இப்போது மேலும் கூர்மையாகிறது. 'பிஹக்கிர் ரிவாயா' கண்வழிச் சென்றது என்றால், அது எந்த நூலில், எந்த ஏட்டில், யாருடைய கையால் சென்றது?

துண்டுபட்ட தொடர்

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் சொற்களும் இருக்கின்றன. 'அல்ஜிப்ரா' என்பதை எடுத்துக்கொள்வோம். 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீயின் நூல், தன் தலைப்பிலேயே 'அல்ஜப்ர்' என்னும் சொல்லைக் கொண்டிருக்கிறது. 1145-இல் ஸ்பெயினின் செகோவியா நகரில் செஸ்டர் ஊரைச் சேர்ந்த ராபர்ட் அதனை இலத்தீனில் பெயர்த்தார். பெயர்ப்பின் தலைப்பிலும் அச்சொல் இடம்பெற்றது. அந்நூலாசிரியரின் பெயரே 'அல்கோரிதம்' ஆகிவிட்டது. 'ஸிஃப்ர்' என்பது சைஃபர் என்றும் ஸீரோ என்றும் இரு கிளைகளாய்ப் பிரிந்ததும் இவ்வாறே ஆவணங்களில் தொடர்ந்து காணப்படுகிறது. இத்தகைய சொற்களுக்கு ஸனது இருக்கிறது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று அடுக்கிச் சொல்ல முடிகிறது. ஹதீஸ் கலையின் மொழியில் இவை முத்தஸில்.

'பேச்சிலர்' அத்தகையதன்று. இஜாஸத் ஏடுகளில் 'பிஹக்கிர் ரிவாயா' என்னும் தொடர் எழுதப்பட்டது உண்மை. பாரிஸில் 'பக்கலாரியஸ்' என்னும் பெயர் வழங்கியதும் உண்மை. ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு மொழிபெயர்ப்பாளரும் இல்லை. ஒரு நூலும் இல்லை. அரபுத் தொடரை இலத்தீன் எழுத்தில் பெயர்த்து எழுதிய ஓர் ஏடும் காட்டப்படவில்லை. இவ்விடைவெளியை நிரப்புவது ஓசை ஒப்புமை மட்டுமே. அதுவும் பிற்கால வடிவத்தோடுதான். மேலும், 'பிஹக்கிர் ரிவாயா' என்பது சான்றேட்டின் வாக்கியத்தில் வரும் ஓர் உறுப்பு. ஆளையோ படிநிலையையோ குறிக்கும் பெயர் அன்று. எந்த ஆலிமும் தம்மை 'பிஹக்கிர் ரிவாயா' என்று அழைத்துக்கொண்டதில்லை. முன்கதிஉ ஆன அறிவிப்புக்கு ஹதீஸ் அறிஞர்கள் என்ன தீர்ப்பு வழங்குவார்களோ அதே தீர்ப்பைத்தான் இதற்கும் வழங்க வேண்டியிருக்கிறது.

அரபுலகத்தின் இன்றைய வழக்கும் சிந்தனைக்குரியது. எகிப்திலும் இராக்கிலும் முதற்பட்டத்தை 'பகாலூரியூஸ்' என்கின்றனர். தம் வீட்டுச் சொல் திரும்பி வந்தது என்னும் நினைவு சிறிதுமின்றி, ஐரோப்பியச் சொல்லாகவே அதனை ஏற்றுக்கொண்டுள்ளனர். எகிப்தில் சட்டம், கலை முதலிய துறைகளில் 'லிஸான்ஸ்' என்னும் பிரெஞ்சுச் சொல்லும் வழங்குகிறது. சிரியாவிலும் மொராக்கோவிலுமோ அதே பட்டத்துக்குப் பழைய 'இஜாஸா' என்னும் சொல்லையே வழங்குகின்றனர். பெயர் ஒன்றாயிருந்தும் அந்த இஜாஸா பல்கலைக்கழக அலுவலகம் வழங்குவது. முன்னோர் அறிந்த இஜாஸாவோ வேறு.

இஜாஸத் என்பது யாது?

பெயரின் பிறப்பைப் பற்றிய வாதத்தில் மூழ்கியவர்கள் பெரும்பாலும் பொருளைக் கவனிக்கத் தவறிவிடுகின்றனர். இப்னுஸ் ஸலாஹ் (மறைவு ஹிஜ்ரி 643, கி.பி. 1245) தம் முகத்திமாவில் ஹதீஸைப் பெற்றுக்கொள்ளும் முறைகளை எட்டாக வகுத்தார். ஆசிரியர் ஓத மாணவர் கேட்பது முதலாவது. மாணவர் ஓத ஆசிரியர் கேட்பது இரண்டாவது. இஜாஸத் மூன்றாவது இடத்திலேயே வருகிறது. நேரில் கேட்டலுக்கும் ஓதிக்காட்டலுக்கும் அடுத்த நிலையிலேயே எழுத்து மூலமான அனுமதியை அவர்கள் வைத்தனர் என்பது கவனிக்கத் தக்கது. அறிவு ஒரு மனிதரிடமிருந்து மற்றொரு மனிதருக்குச் செல்வது; ஏடு அதன் சாட்சி.

அறிவிப்புக்கான இஜாஸத்தைத் தவிர, கற்பிக்கவும் ஃபத்வா வழங்கவும் உரிய இஜாஸத்தும் இருந்தது. 'ஸுப்ஹுல் அஃஷா' என்னும் பெருந்தொகுதியை இயற்றிய அல்கல்கஷந்தீ, ஹிஜ்ரி 778-இல் அலெக்ஸாந்திரியாவில் இப்னுல் முலக்கினிடமிருந்து ஷாஃபிஈ ஃபிக்ஹில் இத்தகைய இஜாஸத்தைப் பெற்றார். அதில் பேசுபவர் ஆசிரியர். இம்மாணவரை நான் அறிவேன், இவரைச் சோதித்தேன், இவருடைய சொல்லுக்கு என் பெயரைப் பிணையாக வைக்கிறேன் என்பதே அதன் சாரம். அந்த மாணவர் தவறிழைத்தால் ஆசிரியரின் பெயரும் சேர்ந்து தாழும்.

பாரிஸில் கற்பிக்கும் அனுமதியை வழங்கியவர் தேவாலயத்தின் சான்சலர். அவர் மாணவரின் ஆசிரியராயிருக்க வேண்டியதில்லை. அனுமதிக்குக் கட்டணம் பெறலாகாது என்று 1179-இல் கூடிய மூன்றாம் இலாத்தரன் திருச்சபைப் பேரவை விதி செய்தது. இந்த அனுமதி இஜாஸத்திலிருந்து பிறந்தது என்று மக்திஸி வாதிட்டார். 1993-இல் எழுதிய டோபி ஹஃப் முதலியோர், தனி ஆசிரியர் அளிக்கும் சான்றும், சட்டப்படி ஓர் ஆளாகவே மதிக்கப்பட்ட கழகம் அளிக்கும் சான்றும் இருவேறு வகையின என்று வேறுபாட்டை வலியுறுத்தினர். இவ்விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. நம் கருத்தில், இரு தரப்பாரும் ஒப்புக்கொள்ளும் உண்மையே நமக்குப் பயன்மிக்கது. ஐரோப்பா பட்டத்தை நிறுவனத்தின் மேல் கட்டியது. முஸ்லிம்கள் அதனை மனிதரின் நம்பகத்தின் மேல் கட்டினர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வலிமை உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நோயும் உண்டு.

நம் முறையின் நோயை முதலில் கண்டு சொன்னவர்களும் நம் அறிஞர்களே. இஜாஸத் பரவிய காலத்தில் அது சிறு குழந்தைகளுக்கும், இன்னும் பிறவாத சந்ததியினருக்கும்கூட வழங்கப்பட்டது. ஸனதின் கண்ணிகளைக் குறைத்து, நெடுங்காலம் நீடிக்கச் செய்யும் ஆர்வம் அதற்குக் காரணம். அல்கதீபுல் பக்தாதீ (மறைவு ஹிஜ்ரி 463) போன்றோர் பிறவாதோருக்கான இஜாஸத்துக்கு இடமளித்தனர். இப்னுஸ் ஸலாஹ் அது செல்லாது என்றே முடிவு கூறினார். இல்லாத ஒருவருக்கு எதை ஒப்படைப்பது என்னும் எளிய வினா அம்முடிவில் அடங்கியிருக்கிறது. கேளாததைக் கேட்டதாகக் காட்டும் ஏடு, எத்தனை பெரிய பெயர்களைத் தாங்கியிருந்தாலும், வெற்று ஏடே. இன்று இணையத்தின் வழியே சில மணி நேர அமர்வில் நூற்றுக்கணக்கானோருக்கு இஜாஸத் வழங்கப்படுவதைக் காணும்போது அந்தப் பழைய எச்சரிக்கை மீண்டும் பொருள் பெறுகிறது.

நமக்குரிய கணக்கு

தமிழகத்துக்கு 'பேச்சிலர்' என்னும் பட்டம் வந்த வழி நன்கு அறியப்பட்டது. 1857-இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் ஆவர். அதே பல்கலைக்கழகம் நடத்திய அஃப்ஸலுல் உலமா தேர்வை எழுதி நம் உலமாக்கள் பலர் அரசுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அரபு ஆசிரியர்களாயினர். மறுபுறம், பாகவி, ஜமாலி, மன்பஈ என்று நம் ஆலிம்கள் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ளும் அடைமொழிகள், தாம் ஓதிய இடத்தையும் அதன் வழியே தம் உஸ்தாதுமார்களையும் சுட்டி நிற்கின்றன. ஒரே சமுதாயத்தில் இரு முறைகளும் அருகருகே வாழ்ந்து வருகின்றன.

இவ்விரு முறைகளின் உறவு, சொல்லாராய்ச்சியாளரின் பொழுதுபோக்கு அன்று. வாழ்வைத் தொடும் பிரச்சினை. உத்தரப்பிரதேசத்தின் 2004-ஆம் ஆண்டு மத்ரஸா கல்வி வாரியச் சட்டம் செல்லும் என்று 2024 நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, காமில், ஃபாஸில் என்னும் உயர்கல்விப் பட்டங்கள் தொடர்பான அளவில் மட்டும் அது செல்லாது என்று விலக்கியது. பட்டம் வழங்கும் உரிமை 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதே காரணம். அங்கே காமில் என்பது இளங்கலைக்கு ஒப்பாகக் கருதப்பட்டு வந்தது. ஆண்டுக்கணக்கில் ஓதிய மாணவர்களுக்கு, 'பேச்சிலர்' என்பது எங்கள் சொல்தான் என்னும் பெருமிதத்தால் விளையும் நன்மை ஏதுமில்லை. அவர்களுக்குத் தேவை, அரசு ஏற்கும் கல்வித் தகுதியை மத்ரஸாக் கல்வியோடு முறையாக இணைக்கும் ஏற்பாடு. அதனைச் செய்ய வேண்டிய ஆற்றலைச் சொற்பிறப்புப் பெருமைகளில் செலவழிப்பது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

இன்னொரு தீமையும் உண்டு. இளங்கலை பயிலும் முஸ்லிம் மாணவர் ஒருவர் மேடையில் கேட்ட இச்செய்தியைத் தம் பேராசிரியரிடம் சொல்கிறார் என்று கொள்வோம். நல்லதோர் ஆங்கில அகராதியைத் திறந்தாலே 'பக்கலாரியஸ்' முன் வந்து நிற்கும். அவ்வேளையில் தகர்வது இந்த ஒரு கூற்று மட்டுமன்று. அல்குவாரிஸ்மீயைப் பற்றியும், இப்னுல் ஹைதமைப் பற்றியும், உறுதியான சான்றுகளோடு நாம் சொல்லக்கூடியவையும் சேர்ந்தே ஐயத்துக்கு உள்ளாகும். பலவீனமான ஓர் அறிவிப்பைச் சுமந்தவரின் ஏனைய அறிவிப்புகளையும் கேட்போர் தயக்கத்துடனேயே அணுகுவர். ஜர்ஹு, தஃதீல் கலையைப் பயின்ற நமக்கு இது புதிய செய்தியன்று.

நம்மிடம் சான்றுடைய பெருமைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் பல நம் வாசலிலேயே கேட்பாரற்றுக் கிடக்கின்றன. ஸதகத்துல்லாஹ் அப்பா (1632-1703) அவர்களும், கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களும் எவரிடம் ஓதினர், எவருக்கு ஓதிக்கொடுத்தனர், அவர்களிடமிருந்து கிளைத்த ஸனதுகள் எந்தெந்த ஊர்களுக்குச் சென்றன என்பவை முழுமையாகத் தொகுக்கப்பட வேண்டும். தைக்கா ஷுஐப் ஆலிம் அவர்கள் 1993-இல் வெளியிட்ட ஆங்கில நூல் தமிழகத்திலும் இலங்கையிலும் வாழ்ந்த அரபு, அர்வி அறிஞர்களைப் பற்றிப் பெருமளவு செய்திகளைத் திரட்டித் தந்தது. அதனைத் தொடர்வதற்கு வேண்டிய ஏடுகள் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஏனைய ஊர்களிலும் குடும்பங்களின் பெட்டிகளில் இருக்கின்றன. கரையானுக்கும் ஈரத்துக்கும் அவை நாள்தோறும் இரையாகின்றன.

ஒவ்வோர் அரபுக் கல்லூரியும் தன் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு பணியை அளிக்கலாம் என்பது நம் பரிந்துரை. தம் உஸ்தாதின் ஸனதை, அவருடைய உஸ்தாதின் ஸனதை, கிடைக்கும் ஏடுகளைக் கொண்டு, ஊரும் ஆண்டும் குறித்து எழுதுமாறு பணிக்கலாம். எங்கே தொடர் அறுகிறதோ அங்கே அறுந்தது என்றே எழுதட்டும். ஊகத்தால் முடிச்சிட வேண்டாம். சில ஆண்டுகளில் தமிழ் முஸ்லிம்களின் கல்வி வரலாறு சான்றுகளோடு நம் கைக்கு வந்துவிடும். ஸனது வழங்கும் விழாக்களில் எடுத்துரைப்பதற்கு அதைவிடச் சிறந்த செய்தி வேறெதுவும் இருக்க இயலாது.